எந்த நாட்டு வைத்தியம் நல்லது? வேலூர் வீட்டிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் வெளிநாட்டில் ஒருவர் இருப்பார். மகள் இங்கிலாந்தில் நர்ஸ், மருமகன் துபாயில், தம்பி பையன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறான். அந்த வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: “அங்கே உடம்புக்கு ஒன்று வந்தால் என்ன செய்வது? வைத்தியம் இலவசமா?”

“இங்கிலாந்தில் எல்லாமே இலவசம்” என்பார் ஒருவர். “அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே கடன்தான்” என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி முடிவெடுக்கும் குடும்பம்தான் பிறகு கஷ்டப்படுகிறது. ஒழுங்காக ஒப்பிட ஒரு முறை இருக்கிறது. அதற்கு ஒரு முழு நீளத் தாளும் பென்சிலும் இரண்டு மாலைப் பொழுதும் போதும்.

நாட்டை எடுக்காதீர்கள், நோயாளியை எடுங்கள்

தாளின் மேலே நாட்டின் பெயரை எழுத வேண்டாம். ஒரு நோயாளியை எழுதுங்கள். வயது, வேலை, சம்பளம், நோய், நேரம் என எல்லாம் ஒரே வரியில் வரட்டும். உதாரணமாக: “32 வயது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை, மாதம் 15,000 ரூபாய், இரவு 11 மணிக்கு வலது அடிவயிற்றில் வலி, குடல்வால் வீக்கம்.” இதே ஆளை, அந்தந்த நாட்டில் இதே நிலையில் இருக்கும் தொழிலாளியாக வைத்து, ஒவ்வொரு நாடாகக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள்.

ஏன் இப்படி? ஒரு நாடு ஒரு நோயில் தாங்கும், இன்னொன்றில் தடுமாறும். இங்கிலாந்தில் விபத்துக்கும் புற்றுநோய்க்கும் கையிலிருந்து காசு போகாது. ஆனால் மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நல்ல காப்பீடு உள்ளவருக்கு அமெரிக்காவில் அதே அறுவை சீக்கிரம் முடியும். காப்பீடு இல்லாதவருக்கு அந்தக் கதவே திறக்காது. ஆகவே குறைந்தது நான்கு நோயாளிகள் வேண்டும்: திடீரென வருவது (குடல்வால்), ஆயுள் முழுக்க வருவது (சர்க்கரை), பிரசவம், காத்திருக்கக் கூடியது (மூட்டு). நான்கும் முடியாதென்றால் முதல் இரண்டையாவது போடுங்கள்.

வேலூரைச் சுற்றியே நான்கு வழி

உலகத்தில் எத்தனை நாடு இருந்தாலும் வைத்தியத்துக்குப் பணம் வரும் வழி முக்கியமாக நான்குதான். நான்கையும் வேலூரைச் சுற்றியே பார்த்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டால் வெளிநாட்டுப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் வழி. அரசு வரி வசூலித்து, அரசே ஆஸ்பத்திரி கட்டி, அரசே டாக்டருக்குச் சம்பளம் தருகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இந்த வகைதான். 1948 ஜூலை 5 அன்று, அனூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. இலங்கையின் அரசு மருத்துவமனைகளும் இதே வகை.

இரண்டாவது வழி ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. தோல் பதனிடும் தொழிற்சாலை, ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். 15,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளிக்குப் பிடித்தம் 113 ரூபாய்தான். ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1948-இல் வந்ததுதான். ஆனால் இதன் மூல யோசனை 1883-இல், பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த ஜெர்மனியில் பிறந்தது. இன்றைக்கும் ஜெர்மனியில் அதேதான், அளவு மட்டும் பெரிது. 2025 கணக்கில் அடிப்படை 14.6 சதவீதம், அதோடு சராசரியாக 2.5 சதவீதம் கூடுதல். தொழிலாளியும் முதலாளியும் இதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மாதம் 3,000 யூரோ வாங்குபவருக்குச் சுமார் 256 யூரோ பிடித்தம். “ஜெர்மனியில் இலவசம்” என்று யாராவது சொன்னால் இந்தப் பிடித்தத்தை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. பணம் அரசுடையது, சிகிச்சை தருவது அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கனடாவும் தைவானும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகின்றன. அங்கே வருமான உச்சவரம்பு கிடையாது என்பதுதான் பெரிய வித்தியாசம். கனடாவில் 1962-இல் சஸ்காட்சவான் மாகாணம் தொடங்கியதை 1966 சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள். தைவான் 1995-இல் தொடங்கியது.

நான்காவது, பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. வேலூர் காந்தி ரோட்டில் நின்று பார்த்தால் இது கண்முன் தெரியும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வந்த குடும்பங்கள் லாட்ஜ் அறை எடுத்து, அங்கேயே சமைத்து, வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

இந்தியாவில் இந்த நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அமெரிக்காவிலும் அப்படித்தான்: கம்பெனி கொடுக்கும் காப்பீடு, 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு மெடிகேர், வறியவர்களுக்கு மெடிகெய்ட் (இவை இரண்டும் 1965-இல் வந்தவை), மிஞ்சியவர்களுக்குச் சொந்தப் பணம். ஆகவே இந்த இரண்டு நாடுகளைப் பற்றிப் பேசும்போது “எந்த வழியில் இருக்கும் ஆள்” என்று கேட்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பக் கூடாது.

தாளில் போட வேண்டிய கட்டங்கள்

இடப்பக்கம் நாடுகள். மேலே வலப்பக்கமாக ஏழு கட்டம்.

இந்த ஆள் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறாரா? முன்கூட்டியே மாதாமாதம் என்ன கட்டுகிறார்? நோய் வந்த அன்று கையிலிருந்து எவ்வளவு? அதற்கு உச்சவரம்பு உண்டா? முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எவ்வளவு காத்திருக்க வேண்டும்? எது சேராது? படுத்த நாட்களின் சம்பளம் என்ன ஆகும்?

பலரும் மூன்றாவது கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும்தான் நடக்கிறது. சம்பளக் கட்டத்தை விட்டால் ஏழைக் குடும்பத்தின் பாதி நஷ்டம் தாளில் வராமலே போய்விடும்.

எட்டாவதாக ஒரு கட்டமும் போடச் சொல்வோம்: கூட இருப்பவர். நம் ஊரில் நோயாளியோடு ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, ஸ்கேனுக்கு நாற்காலியைத் தள்ள, கஞ்சி ஊட்ட, ராத்திரி சலைன் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இவை வார்டு ஊழியர்களின் வேலை. பார்வை நேரம் முடிந்ததும் குடும்பத்தார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு வாரச் சிகிச்சைக்கு ஜார்க்கண்டிலிருந்து காட்பாடிக்கு வந்து இறங்கும் மூன்று பேருக்கு ரயில் டிக்கெட், அறை வாடகை, இரண்டு பேரின் கூலி இழப்பு எல்லாம் ஆகிறது. ஆஸ்பத்திரி பில்லில் இதில் ஒரு பைசாகூட இருக்காது. பில்லை மட்டும் வைத்து “இந்தியாவில் மலிவு” என்று எழுதுவது சரியாகாது.

குடல்வால் வரிசையை நிரப்பிப் பார்ப்போம்

இங்கிலாந்து. 999-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ், கட்டணமில்லை. அவசரப் பிரிவில் 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது இலக்கு. அந்த இலக்கு பல ஆண்டுகளாக எட்டப்படவில்லை, அதனால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க நேரலாம். அறுவைக்கும் வார்டுக்கும் சாப்பாட்டுக்கும் பூஜ்யம். வீட்டுக்கு வந்தபின் குடும்ப டாக்டர் எழுதும் மருந்துக்கு, இங்கிலாந்தில் மட்டும், ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை.

ஜெர்மனி. காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்த நாள் ஒன்றுக்கு 10 யூரோ, ஒரு வருடத்தில் 28 நாள் வரைதான். சேர்ந்த நாளும் வீடு திரும்பிய நாளும் கணக்கில் வரும். ஆகவே திங்கள் சேர்ந்து வெள்ளி வந்தால் 50 யூரோ, 40 அல்ல. வருடம் முழுக்க இப்படிக் கட்டும் தொகை குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால், நாள்பட்ட நோயாளிக்கு 1 சதவீதத்தைத் தாண்டினால், விலக்கு கேட்கலாம். அது தானாக வராது, ரசீதுகளைச் சேர்த்து வைத்து விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம்: முதல் 6 வாரம் முதலாளி முழுதாகத் தர வேண்டும், அதற்குப் பிறகு காப்பீட்டு நிதியிலிருந்து மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை.

ஜப்பான். 1961 முதல் எல்லோருக்கும் காப்பீடு. 70 வயதுக்குக் கீழே உள்ள பெரியவர்கள் பில்லில் 30 சதவீதம் தருகிறார்கள். இதைக் கேட்டதும் அதிகமாகத் தோன்றும். பில் 10 லட்சம் யென் என்று வையுங்கள், 30 சதவீதம் என்றால் 3 லட்சம். ஆனால் மாத உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. 2025 நிலவரப்படி, ஆண்டு வருமானம் சுமார் 37 லட்சம் முதல் 77 லட்சம் யென் வரை உள்ள நடுத்தர ஆளுக்கு அது 80,100 யென், அதோடு 2,67,000-ஐத் தாண்டிய பில் தொகையில் 1 சதவீதம். 10 லட்சத்தில் 2,67,000 போக 7,33,000, அதில் 1 சதவீதம் 7,330. ஆக மொத்தம் 87,430 யென். சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டை ஒதுக்கக் கூடாது, உச்சவரம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல உதாரணம் இல்லை.

அமெரிக்கா. 1986 சட்டப்படி, அவசரப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகளில் அநேகமாக எல்லாமே பணம் இருக்கிறதா என்று கேட்காமல் நோயாளியைப் பரிசோதித்து உயிராபத்தை நீக்கியாக வேண்டும். ஆகவே வாசலில் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் வேண்டாம். பில் பிறகு வரும். காப்பீட்டில் மூன்று எண்களைக் கேளுங்கள்: காப்பீடு பேச ஆரம்பிப்பதற்கு முன் நீங்கள் முழுதாகக் கட்ட வேண்டியது, அதற்குப் பிறகு உங்கள் பங்கு சதவீதம், வருடத்துக்கு உங்கள் கை தாண்டாத உச்சம். கணக்குக்காக இந்த மூன்றும் 2,000 டாலர், 20 சதவீதம், 6,000 டாலர் என்று வையுங்கள். பில் 30,000. முதலில் 2,000. மீதி 28,000-இல் 20 சதவீதம் 5,600. கூட்டினால் 7,600. ஆனால் உச்சம் 6,000 என்பதால் அங்கே நிற்கும். 2022 ஜனவரி முதல், அவசர சிகிச்சையில் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலுக்கு வெளியே உள்ள டாக்டர் பார்த்தார் என்று கூடுதலாகத் தனி பில் போட முடியாது. தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் அந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. சம்பளம்: நோய் விடுப்புக்குச் சம்பளம் தர வேண்டும் என்று நாடு தழுவிய பொதுச் சட்டம் கிடையாது, கம்பெனியையும் மாநிலத்தையும் பொறுத்தது.

கனடா. டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு வாங்கக் கூடாது, 1984 சட்டம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் வாங்கும் மாத்திரை, பல், கண்ணாடி பொதுவாக அதில் சேராது. ஆம்புலன்ஸுக்குக் கூட ஒண்டாரியோ மாகாணத்தில் வழக்கமாக 45 டாலர்.

தமிழ்நாடு. அரசு மருத்துவமனை என்றால் 108 முதல் அறுவை வரை கட்டணமில்லை. செலவு, கூட இருப்பவரின் கட்டத்தில் வரும். நம் ஆம்பூர்த் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருப்பதால் இன்னொரு கதவும் உண்டு. படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. இதற்கு உரிய 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த 78-இல்தான் தட்டும். வலி தாங்காமல் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே சேர்ந்துவிட்டால் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் அசலாக இருந்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். முதலமைச்சர் காப்பீட்டில் எல்லா நோயும், எல்லா ஆஸ்பத்திரியும் இல்லை. “இந்த அறுவை பட்டியலில் இருக்கிறதா, இந்த ஆஸ்பத்திரி அதற்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா” என்று அட்மிஷன் போடுவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அட்வான்ஸ் கட்டிய பிறகு கேட்பது தாமதம்.

சர்க்கரை வரிசையில் கேட்க வேண்டிய வேறு கேள்வி

குடல்வால் ஒரு வாரத்தில் முடியும். சர்க்கரை முப்பது வருடம். இங்கே பில் சிறியது, மாதாமாதம் வருவது. மாத்திரை விலையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நோயாளி வராமல் போனால் யார் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் விலக்குச் சான்று வாங்கிக்கொண்டால் 9.90 பவுண்டும் கட்ட வேண்டாம், எல்லா மருந்துக்கும். படிவத்தைக் குடும்ப டாக்டர் கிளினிக்கிலேயே கேட்கலாம். பல பேர் தெரியாமல் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விழித்திரைப் பரிசோதனைக்கு ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒரு முறை கடிதம் வீட்டுக்கு வரும். ஜெர்மனியில் மருந்து விலையில் 10 சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 10 யூரோ. கனடாவில் 2024 அக்டோபரில் வந்த சட்டம் சர்க்கரை மருந்தை இலவசமாக்க வழி செய்கிறது, ஆனால் மாகாணம் ஒப்பந்தம் போட்டிருந்தால்தான். அமெரிக்காவில் மெடிகேர் உள்ள முதியவருக்கு 2023 முதல் ஓர் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சம். மற்றவர்களுக்கு அவரவர் காப்பீடுதான்.

தமிழ்நாட்டைப் பற்றி இந்த வரிசையில் பெருமையோடு எழுதலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம் 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பிராண்டு பெயரைப் பார்க்காமல் மருந்துப் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள், பிற மாநிலங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வராத நோயாளியைத் தேடிப் போகும் வேலை அதுதான். கே.வி.குப்பம், கணியம்பாடி ஒன்றியங்களில் சி.எம்.சி.யின் கிராம நலப் பணியாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனாலும் வேலை நேரம் ஒத்துவராமல் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தாளில் தனி வரிசை போடுங்கள்.

ரூபாயாக மாற்றாதீர்கள், கூலியாக மாற்றுங்கள்

9.90 பவுண்டை ரூபாயாக்கினால் ஆயிரத்தைத் தாண்டும், பார்த்ததும் பகீர் என்றிருக்கும். அங்கே பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. ஆகவே அந்த மருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான வேலை. ஜெர்மனியின் ஒரு நாள் படுக்கைக் கட்டணம் 10 யூரோ, குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்தான். இங்கே நூறு நாள் வேலைக் கூலி 2025-26-இல் 336 ரூபாய். மாதம் 1,000 ரூபாய்க்குக் கடையில் மாத்திரை வாங்கும் கிராமத்து அம்மாவுக்கு அது மூன்று நாள் உழைப்பு. மூன்று எண்களையும் இப்படி நிறுத்தினால்தான் எங்கே சுமை, எங்கே இல்லை என்று தெரியும்.

புள்ளிவிவரத்தில் வழுக்கும் இடங்கள்

“உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் பிரான்ஸ் முதலிடம்” என்று இன்றும் பகிர்கிறார்கள். அது 2000-ஆம் ஆண்டுப் பட்டியல். இந்தியா அதில் 112. முறை மீது கடும் விமர்சனம் வந்ததால் அந்த நிறுவனம் அதை மறுபடி வெளியிடவே இல்லை. தாளில் எழுத வேண்டாம்.

மக்கள் கையிலிருந்து போடும் பங்கு என்ற சதவீதம் இன்னொரு சிக்கல். இந்தியாவில் 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கில் 39.4. அமெரிக்காவில் சுமார் 11 சதவீதம்தான். அப்படியானால் அமெரிக்கர்களுக்குக் கஷ்டமில்லையா? அங்கே மொத்தச் செலவே நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கும் மேல், இந்தியாவில் 4-க்கும் குறைவு. பெரிய தொகையில் சிறு பங்கும் கனக்கும். பங்கை எழுதினால் மொத்தத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நாட்டுச் சராசரியையும் நம்பாதீர்கள். அரசின் 2020 பிறப்பு இறப்பு மாதிரிப் பதிவுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இலங்கையோடு ஒப்பிட வேண்டுமென்றால் தமிழ்நாட்டை வையுங்கள், இந்தியாவை அல்ல. ஆயுட்காலம் என்ற எண்ணிலும் கவனம் வேண்டும். சாலை விபத்து, புகை, சாப்பாடு, துப்பாக்கி எல்லாம் அதைக் குறைக்கும், ஆஸ்பத்திரி மட்டும் அல்ல.

இங்கிலாந்தில் 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. அதைச் சட்டப்படியான உறுதி என்று எழுதுகிறவர்கள், சுமார் பத்து ஆண்டுகளாக அது நிறைவேறவில்லை என்பதை எழுதுவதில்லை. அரசு சொல்லும் இலக்கை ஒரு நிறத்திலும் நடப்பதை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள்.

போகிறவர் எந்த விசாவில் போகிறார்

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. ஒரு நாட்டின் ஏற்பாடு அதன் குடிமக்களுக்கானது. உங்கள் பிள்ளை குடிமகன் இல்லை. முதல் கட்டத்தை விசாவின் பெயரை வைத்தே நிரப்ப வேண்டும்.

பிரிட்டனுக்கு 6 மாதத்துக்கு மேல் போகிறவர் விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவருக்கு 776. விசாக் காலம் முழுவதற்கும் முன்பணம். ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு விசா வழக்கமாகப் படிப்பு முடிந்தும் சில மாதம் நீளும். மிச்சம் 6 மாதம் வரை என்றால் அரை வருடக் கட்டணம் சேரும், 776-உம் 388-உம் ஆக 1,164 பவுண்டு. கல்விக் கடன் மதிப்பீட்டில் பலர் இதை விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் நகையை எடுக்கிறார்கள். நர்ஸ்கள் போகும் சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை. யாராவது ஏஜென்ட் அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போய் இறங்கிய முதல் வாரமே குடும்ப டாக்டர் கிளினிக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். முகவரிச் சான்று இல்லை என்ற ஒன்றுக்காகப் பதிவை மறுக்கக் கூடாது. நிபுணரைப் பார்க்க வழி பெரும்பாலும் அந்தக் கிளினிக்தான். நம் ஊரில் ஓ.பி. சீட்டு போட்டு நேரே இதய டாக்டரைப் பார்ப்பது போல அங்கே முடியாது.

துபாயில் வேலை செய்பவருக்கு முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டியது அவர்களுக்கு விசா எடுக்கிறவர். அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு, முதல் முறை சேர்பவருக்கு, முதல் 6 மாதம் பலன் இல்லை. சர்க்கரை உள்ளவர் அந்த 6 மாத மாத்திரையை, டாக்டர் சீட்டோடு, இங்கிருந்தே திட்டமிட வேண்டும். எந்த மருந்துக்கு அங்கே அனுமதி வேண்டும் என்பதையும் புறப்படும் முன் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (அடிப்படைக் காப்பீடு) இரண்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வொர்க் பெர்மிட்டில் போகும் தொழிலாளிக்கு 2023 ஜூலை முதல் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும். 15,000-க்கு மேல் போகும் தொகையில் கால் பங்கு முதலாளி தலையில். தொழிலாளி பாலிசி அட்டையின் போட்டோவை ஊரில் உள்ள மனைவிக்கும் அனுப்பி வைக்கட்டும்.

ஜெர்மனிக்குப் போகும் மாணவர் 30 வயதுக்குள் இருந்தால் அரசு முறைக் காப்பீட்டின் மாணவர் கட்டணத்தில் சேரலாம். பயணக் காப்பீட்டைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. கனடாவில் சில மாகாணங்களில் அரசு சுகாதார அட்டை வர 3 மாதம் வரை ஆகலாம், அந்த இடைவெளிக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

கடைசியாக, மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மா. வீட்டில் யாரும் இவரைத் தாளில் எழுதுவதில்லை, ஆபத்து அதிகம் இவருக்குத்தான். வயது அறுபது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பார்வையாளர் விசா. இங்கிலாந்தில் இவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் அட்மிஷன் போட்டால் வழக்கமான கட்டணத்தின் 150 சதவீதம் கேட்பார்கள். அமெரிக்கா என்றால் முழு பில். பாலிசி எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் சேருமா, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான சிறு தொகை தரும் திட்டமா அல்லது பில்லைப் பார்த்துத் தரும் திட்டமா, வயதைக் காட்டி வரம்பைக் குறைக்கிறார்களா. நிலையான தொகைத் திட்டம் பிரீமியத்தில் மலிவாக இருக்கும், அமெரிக்க பில்லுக்கு முன் அது நிற்காது. மாத்திரையைத் தங்கும் நாளுக்கு மேல் ஒரு மாதம் கூடுதலாக எடுத்து, பிராண்டு பெயரோடு மருந்துப் பெயரும் உள்ள சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். இன்சுலின் கைப்பையில் போகட்டும், லக்கேஜில் போட்டால் விமானத்தின் அடித்தட்டுக் குளிரில் உறைந்து கெடக்கூடும்.

தாளின் மேல் மூலையில் தேதி போடுங்கள். இந்த எண்கள் மாறும். பிரிட்டனின் கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலிலும், ஜெர்மனியின் பிடித்தமும் அமெரிக்கக் காப்பீட்டு வரம்புகளும் ஜனவரியிலும், ஜப்பானின் கட்டணப் பட்டியல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் திருத்தப்படுகின்றன. டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தைத் திறந்து, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்டங்களை மட்டும் அழித்துப் புதிதாக எழுதினால் போதும். பென்சிலில் எழுதச் சொன்னது அதற்குத்தான்.